நெவில் வீட்டுக் கங்காருக் கறி

எங்கள் பக்கத்தில் கங்காருவை நாய்தான் தின்னும். மனிதர்கள் மாட்டைத் தின்போம், ஆட்டைத் தின்போம், கிறிஸ்துமஸ் வந்தால் எங்கிருந்தோ வரும் பன்றித் தொடையைத் தின்போம். வேலிக்கு அந்தப் பக்கம் கங்காரு கூட்டம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கும். இந்தப் பக்கம் நாங்கள் பிரிஸ்பேனிலிருந்து லாரியில் வந்த மாட்டுக்கறியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்போம். இதில் கோளாறு ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

நான் நோலீன். கன்னமல்லா என்ற சின்ன டவுனுக்கு மேற்கே, தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டியாகத்தான். கடைக்குப் பின்னால் ஒரு குளிர் கொட்டகை இருக்கிறது. கங்காரு சுடுகிறவர்கள் ராத்திரியெல்லாம் சுற்றிச் சுட்டு, குடலை எடுத்து, அடையாள வில்லை மாட்டி, விடிவதற்குள் கொண்டுவந்து அதற்குள் தொங்கவிட்டுப் போவார்கள். வியாழக்கிழமை இறைச்சிக் கம்பெனி லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

சுடுகிறவர்களில் நெவில்தான் மூத்தவன். என் கடையிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே போனால் அவன் வீடு. அவனும் நாய்களும் மட்டும். வியாழக்கிழமை லாரியில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு என் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பான். நான் பேசுவேன், அவன் தலையாட்டுவான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் ஒரு கிணறே தோண்டிவிடலாம். ஆனாலும் வாரத்தில் எனக்கு வாய்க்கிற உருப்படியான துணை அது ஒன்றுதான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வியாழக்கிழமை காலையில் மட்டும் நான் ஒழுங்காகத் தலை சீவிக்கொள்வேன்.

அவனுக்கு ஒரு மகள், பெலிண்டா. சின்ன வயதில் அவள் கங்காருக் குட்டிகளைத் தலையணை உறைக்குள் போட்டு, சமையலறைக் கதவின் பின்னால் மாட்டி, பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாளாம். சுடுகிறவன் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் வளர்ப்பார்கள். அப்பா சுட்ட தாயின் பையிலிருந்து வந்த குட்டிகள் அவை என்று ஒருநாள் அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள், அதன்பின் அப்பாவின் மேஜையில் சரியாக உட்காரவே இல்லை. அம்மா பிரிஸ்பேனுக்குக் கிளம்பியபோது அவளும் கிளம்பிவிட்டாள். அந்த வருஷத்திலிருந்து நெவில் பெட்டையைச் சுடுவதில்லை, கடா மட்டும்தான். இதை அவன் மகளிடம் சொன்னானா என்றால், அவன் எதைத்தான் யாரிடம் சொல்லியிருக்கிறான்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த வியாழக்கிழமை அவனே முதலில் வாயைத் திறந்தான். நான் கெட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"பெலிண்டா போன் பண்ணினா. இப்ப கங்காரு மட்டும்தான் சாப்பிடறாளாம்."

"யாரு, உன் தட்டைத் தள்ளிவிட்டுட்டுப் போனாளே, அவளா?"

"அவதான். ஆடு, மாடு, கோழி எதையும் தொடறதில்லையாம். கங்காருன்னா மட்டும் சரியாம். பூமிக்கு நல்லதாம்."

"எந்தப் பூமிக்கு? இங்க இருக்கிற புல்லையெல்லாம் அதுதானே மேஞ்சுட்டுப் போகுது."

"குளம்பு இல்லையாம் நோலீன். மெத்துன்னு பாதம், மண்ணைக் கிளறாது. மாடு மாதிரி ஏப்பம் விட்டே வானத்தைக் கெடுக்காது. அதுக்குன்னு யாரும் காட்டை அழிக்க வேண்டாம், தண்ணி எறைக்க வேண்டாம். அதுபாட்டுக்கு வளருது. கொழுப்பும் இல்லையாம்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அடைச்சு வச்சு வளக்கறதவிட, வெளிய திரிஞ்சுட்டு ஒரே குண்டுல போறது மேலுன்னு சொன்னா. நீங்க செய்யற வேலை ஒண்ணும் தப்பில்லப்பான்னு சொன்னா."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தான். ஒரு மனுஷன் இத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தானா என்று எனக்குத் தோன்றியது. அவன் வண்டிக் கண்ணாடியில் 'கொலைகாரன்' என்று யாரோ டவுனில் எழுதிவிட்டுப் போனபோதுகூட, துணியால் துடைத்துவிட்டு வந்து டீதான் கேட்டான்.

"ஏப்ரல்ல வர்றாளாம், ரெண்டு நாள் இருப்பாளாம்" என்றான். "அதை எப்படிச் சமைக்கிறது?"

இதுதான் விஷயம். வாழ்நாளெல்லாம் கங்காரு சுட்டவனுக்கு அதன் ருசி தெரியாது. நாய்க்குப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பென்ஷன்காரர்கள் வந்து வந்து கேட்டதால் நானாகப் பழகிக்கொண்டது. சட்டி நன்றாகக் காய வேண்டும். முதுகுக் கறியைப் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், உடனே எடுத்துவிட வேண்டும். வெளியே கறுத்து உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். கொழுப்பு இல்லாத கறி, ஒரு நிமிஷம் கூடிப்போனால் செருப்புத் தோல்தான்.

வியாழக்கிழமை வியாழக்கிழமையாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏப்ரன் கட்டிக்கொண்டு என் அடுப்பு முன்னால் அவன் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. முதல் துண்டைத் தானே வாயில் போட்டு மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். கொஞ்சம் கழித்து, "நாய்ங்க ராஜா மாதிரி வாழ்ந்திருக்கு" என்றான்.

மகளுக்கென்று அவன் எடுத்துவைத்த கடாவை எனக்குக் காட்டினான். நொண்டி நடக்கிறதைத் தொடமாட்டான், மூட்டில் புழு இருக்கும். ஈரலை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பான், புள்ளி இருந்தால் அப்படியே காட்டில் எறிந்துவிடுவான். எல்லாரும் பார்ப்பதுதான், ஆனால் இதை அவன் பார்த்த விதமே வேறு. "சுத்தமான கறி நோலீன்" என்று கேட்காமலே இரண்டு தடவை சொன்னான்.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பெலிண்டா. நெவில் காட்டிய போட்டோவில் பார்த்த முகம்தான், கண்ணுக்குக் கீழே மட்டும் நெவில் ஜாடை. முதல்நாள் வழியில் ரோமா என்ற ஊரில் தங்கிவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெட்ரோல் போட்டுவிட்டு, பசிக்கிறது என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் யாரென்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்பா போனில் சொன்ன நாலு வார்த்தையில் ஒன்று என் பேராம். நான் என் கைப்பக்குவத்தைக் காட்டிவிட வேண்டுமென்று அருமையாக ஒரு துண்டு வாட்டிக் கொண்டுபோய் வைத்தேன். கத்தியால் கீறிப் பார்த்தாள். தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் நல்லா வேகவச்சுத் தர முடியுமா? உள்ள சிவப்பே இருக்கக் கூடாது."

"செருப்பு மாதிரி ஆயிடும்மா."

"பரவால்ல."

"கெட்டுப்போன கறின்னு நெனைச்சியா? உங்கப்பா சுட்டது இது."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். அவள் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"கறில ஒண்ணும் தப்பில்ல நோலீன். சரியா வேகாத இறைச்சில ஒரு கிருமி இருக்கலாமாம். கங்காருல அது கொஞ்சம் சாஸ்தியாம். உங்களுக்கு எனக்குன்னா ஒண்ணும் செய்யாது." கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனாள். "வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார். நல்லா வெந்திருந்தா பயமில்ல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தொளதொளவென்று சட்டை போட்டிருந்ததில் எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதமாம்.

"நெவில் என்கிட்ட மூச்சு விடல பாரு, அழுத்தக்காரன்."

"அப்பாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

"பெத்த அப்பன்கிட்ட சொல்லாம பெட்ரோல் பங்க்குல வந்து சொல்றியே."

"உங்ககிட்ட சொல்றது சுலபம்." தண்ணீர்க் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கல. மொத தடவை, உண்டாயிருக்கேன்னு சொன்னப்போ அப்பாவுக்கு ஏக சந்தோஷம், தொட்டில் செய்யப் பலகை பாக்கறேன்னார். அப்புறம் தங்கலைன்னு சொல்லப் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பா, அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். போனை வச்சுட்டார். அடுத்த தடவையும் அதேதான். எனக்கு வந்ததக்கூட நான் எப்படியோ தாங்கிப்பேன் நோலீன். அந்தப் பேச்சில்லாத போனை இன்னொரு தடவை காதுல வச்சுக்க முடியாது. பொறக்கட்டும், சொல்லிக்கலாம்."

"அப்ப எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தே?"

"பாக்கணும்னு இருந்துச்சு."

இதற்கு மேல் என்ன கேட்பது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கறியைத் திரும்பச் சட்டியில் போட்டுக் கறுக்க வாட்டிக் கொடுத்தேன். மென்று மென்று தாடை வலித்தாலும் முழுதாகத் தின்றுவிட்டாள். கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அங்க போனா உங்கப்பா உள்ள சிவப்பாத்தான் வைப்பான். அப்படித்தான் நான் கத்துக்குடுத்திருக்கேன்."

அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்கமாட்டார். பேசாம எடுத்துட்டுப் போய் நாய்க்கு வச்சுடுவார். சின்ன வயசுல நான் தட்டைத் தள்ளினப்பவும் அப்படித்தான் செஞ்சார். இன்னொரு தடவை அதை நான் செய்யமாட்டேன்." பிறகு, "ஓரத்துல வெந்த எடமாப் பாத்துச் சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓரமாம். அந்தத் துண்டில் ஓரம் எது, நடு எது. நான் அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். யாருமில்லாத கடையில் என் செருப்புச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்கா, வயிற்றில் இருக்கிறதா? அவள் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் இருந்தது. இங்கே செல்போன் எடுக்காது, நெவில் வீட்டுக்குத் தரைவழி போன்தான். எடுத்து எண்ணைச் சுற்றினேன்.

"நெவில், அந்தக் கறியை நல்லா வேகவச்சுடு."

"சிவப்பா இருக்கணும்னியே."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீ தப்புன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லியே" என்றான்.

"இப்பக் கேட்டுக்கோ. கறுக்க வேகவை. கருகினாலும் பரவால்ல."

"பாழாயிடும் நோலீன். அவளுக்குன்னு எடுத்து வச்சது."

"சொன்னதைச் செய்யேன்யா."

"அங்க வந்தாளா? ஏதாச்சும் சொன்னாளா? என் கறி சுத்தமில்லன்னாளா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப உடம்பு சரியில்லையா? நோலீன், அவளுக்கு என்ன?"

அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. மகளுக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்துவிட்டான். அந்தப் பயத்தோடு அவனை ஒரு மணி நேரம் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். பிள்ளை உண்டாகியிருக்கிறாள், ஐந்து மாதம், பச்சைக் கறி ஆகாது, நல்லா வெந்தால் ஒன்றும் செய்யாது, உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

வெகுநேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"உன்கிட்ட சொன்னாளா?" என்றான்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான். அந்த இரண்டு வார்த்தையில் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மறுபடி சுற்றினேன், எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பெலிண்டாவின் கார் என் கடை முன்னால் வேகம் குறைந்தது. ஜன்னலிலிருந்து கையை நீட்டி ஆட்டினாள், ஒருமுறை ஹாரன் அடித்தாள், கிழக்கே போய்விட்டாள். நிற்பாள் என்று பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்திருந்தேன். புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

வியாழக்கிழமை நெவில் வந்தான். கறியை லாரியில் ஏற்றிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். டீயைத் தொடவில்லை.

"செருப்பாத்தான் பண்ணினேன்" என்றான். "ரெண்டு பேரும் மென்னுக்கிட்டே இருந்தோம். வாய் நெறையக் கறி, அதனால பேசவேண்டிய தொந்தரவு இல்ல. நல்லா இருக்குப்பான்னா. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா."

"சந்தோஷம்தானே."

"அடுத்த நாளும் அதேதான். கார்ல ஏறும்போது கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னா. இப்பச் சொல்லுவான்னு நெனைச்சேன். வேலியைச் சரிபண்ணுங்கப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டா." மேஜையில் கிடந்த ஈயை விரட்டினான். "நான் சுடற கறி அவளுக்கு ஒத்துப்போச்சு. நான் ஒத்துப்போகல."

எனக்குப் பொறுக்கவில்லை. வாக்கில் பாதியை உடைத்தாயிற்று, மீதியை வைத்து என்ன செய்ய. அவள் சொன்னதைச் சொன்னேன். எதையும் தேன் தடவவில்லை. அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம், நீ போனை வைத்துவிட்டாயாம், அதை இன்னொரு தடவை கேட்க முடியாதாம்.

நெவில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வார்த்தை வரல நோலீன்" என்றான். "போனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஏதாச்சும் சொல்லணும்னு நின்னேன். வரவே இல்ல. நான் அழறது அவளுக்குக் கேட்டுடக்கூடாதுன்னு வச்சுட்டேன்."

"அது அவளுக்கு எப்படிய்யா தெரியும்?"

வெளியே லாரிக்காரன் கொட்டகைக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. நெவில் எழுந்து கல்லாப் பக்கம் வந்தான். போனைக் காட்டி, "இதுல பேசிக்கட்டுமா?" என்றான்.

"உன் வீட்டுல போன் இல்லையா?"

"வீட்டுல எடுத்தா வாய் கட்டிக்குது. நீ இங்கயே நில்லு. நான் நின்னுட்டா ஒரு குத்துக் குத்து."

ஆகவே கையில் கரண்டியோடு அவன் பக்கத்தில் நின்றேன். எண்ணைச் சுற்றினான். அந்தப் பக்கம் அவள் எடுத்தாள். "அப்பா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவன் நின்றுவிட்டான். கரண்டியால் விலாவில் ஒரு குத்து விட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று ஆரம்பித்தான். வடக்குப் பக்கம் மழை இறங்கியிருக்கிறது என்றான். புல் தலையெடுத்துவிட்டது, கங்காரு எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது, ஒரு மாதம் வேலை மந்தம்தான் என்றான். வேலியைப் பார்த்தேன், இரண்டு கம்பம் மாற்ற வேண்டும் என்றான். சிவப்பு நாய் கிழவியாகிவிட்டது, காது கேட்கவில்லை என்றான். அவ்வப்போது நின்றான், நான் குத்தினேன், மறுபடி ஓடினான். நான் அவனோடு பழகிய இத்தனை வருஷத்தில் அவன் பேசிய மொத்தப் பேச்சும் சேர்ந்தால் இவ்வளவு வருமா தெரியாது. இதில் ஒரு வார்த்தையும் எனக்கில்லை என்று ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்.

"கறி ரொம்பக் கல்லா இருந்துச்சுல்ல?" என்றான்.

அவள் ஏதோ சொன்னாள். சிரித்தான்.

"நான் ஏன் போன் பண்ணினேன்னா..." என்று இழுத்தான். கரண்டியை ஓங்கினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான். "எனக்குச் சட்டுன்னு பேச வராதும்மா. பேச வரலன்னா அழுதுக்கிட்டு நிக்கறேன்னு வச்சுக்கோ. இனிமே எந்தச் சேதியா இருந்தாலும் நீ சொல்லு. நல்லதோ கெட்டதோ. நான் போனை வைக்கமாட்டேன்."

அதன்பின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. லாரிக்காரன் கொட்டகைச் சாவியைக் கொடுக்க ஹாரன் அடித்தான். போய் வாங்கிக்கொண்டு, கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, லாரி ரோட்டில் ஏறிப் போகும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தேன். நெவில் சுவரில் நெற்றியைச் சாய்த்து, ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு பிடித்துக்கொண்டு, அப்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.